பொதுச் செலவுப் பில்லில் ஒரே மின்கட்டணத்தை இருமுறை வசூலித்தது குறித்துப் புகார்

அனுப்புநர்: தரைத்தளக் கடை வாடகைதாரர், வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.
பெறுநர்: மேலாளர், வளாகப் பராமரிப்பு நிறுவனம், மதுரை.

ஐயா,

வணக்கம். தாங்கள் பராமரிக்கும் வளாகத்தில் எழுதுபொருள் கடை நடத்தி வருகிறேன். ஏப்ரல், மே மாதப் பொதுச் செலவுப் பில்களில் உள்ள தவறைத் தங்கள் அலுவலகத்தில் பலமுறை நேரில் சொல்லியும் பயனில்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மின்வாரியம் நம் வளாகத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல. அப்படியிருக்க, இரண்டு மாதப் பில்லோடும் இணைத்த பக்கங்களில் ஒரே இணைப்பு எண்ணும், ஒரே கணக்கெடுப்புத் தேதியும், ரூ.1,01,200 என்ற ஒரே தொகையும் இருக்கின்றன. பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் மூலையில் விழுந்த மைக்கறைகூட ஒன்றாகவே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கான பணத்தை முதல் மாதம் முழுதாக வாங்கிக்கொண்டு, அடுத்த மாதமும் முழுதாகக் கேட்பது என்ன நியாயம்?

இதைவிடப் பெரிய தவறு துணை மீட்டர் கணக்கைக் கழிக்காததில் இருக்கிறது. முதன்மை மீட்டரில் ஓடிய 9,200 யூனிட்டில் கடைக்காரர்களின் துணை மீட்டர்களில் பதிவான 6,900 யூனிட்டுக்கு நாங்கள் தனித்தனியாகப் பணம் கட்டிவிட்டோம். மாடிப்படி விளக்கு, மின்தூக்கி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு மீதி 2,300 யூனிட்தான். அதை மட்டும் சதுர அடிக்கு ஏற்பப் பிரிக்காமல் 9,200 யூனிட்டையும் பிரித்திருக்கிறீர்கள். நான்கு மடங்கு; அதையும் இருமுறை வாங்குவதால் எட்டு மடங்கு. போதாததற்கு மோட்டார் ஓடிய மின்சாரம் தண்ணீர்க் கட்டணம் என்ற வரியிலும் மறுபடி ஏறியிருக்கிறது.

இதைக் கேட்கப் போனபோது தங்கள் கணக்குப் பிரிவு ஊழியர் தலையை நிமிர்த்தாமலே சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “அண்ணாச்சி, கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்பாகாது. கட்ட முடியலைன்னா சாவியக் குடுத்துட்டுப் போங்க.” வாடகை பாக்கி ஒரு ரூபாய்கூட வைக்காதவனிடம் பேசும் பேச்சா இது? அவரே என்னை மதுரைக்குப் போகச் சொன்னார். பாளையங்கோட்டைப் பள்ளிகள் திறந்த வாரம் அது. நோட்டும் பேனாவும் விற்கிறவனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வியாபாரம். கடையைச் சாத்திவிட்டு மாட்டுத்தாவணியில் இறங்கி, தங்கள் தலைமை அலுவலகத்தில் பிற்பகல் வரை உட்கார்ந்த பிறகு, “திருநெல்வேலிக் கணக்கு திருநெல்வேலியில்தான்” என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த ஒரு நாளில் இந்த ஆண்டின் லாபமே போய்விட்டது.

மின்வாரியத்துக்குக் கட்டிய தொகையைத்தான் அப்படியே வாங்குகிறோம் என்கிறீர்கள். அது உண்மையானால், வெறும் முகவராக அசல் மின்கட்டணத்தை மட்டும் வசூலிப்பவர் அதன்மேல் ஜி.எஸ்.டி. போட வேண்டியதில்லை என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2023 அக்டோபரில் சுற்றறிக்கையிலேயே தெளிவுபடுத்தியிருக்கும்போது, அதற்கும் 18 சதவீதம் போட்டிருப்பது ஏன் என்று விளக்க வேண்டும்.

தங்களோடு சண்டையிட எனக்கு விருப்பமில்லை. இவ்வளாகத்தில்தான் தொடர்ந்து பிழைக்க வேண்டும். எனவே அந்த இரண்டு மாதத்துக்குரிய மின்வாரிய ரசீதின் நகலையும், எல்லாத் துணை மீட்டர் அளவுகளையும் தந்து, பில்லைத் திருத்தி, கூடுதலாக வாங்கியதை அடுத்த பில்லில் கழித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், சொந்தப் பிழைப்புக்காகக் கடை நடத்துபவன் என்ற முறையில் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குத் தொடுப்பேன். மற்றக் கடைக்காரர்களும் தங்கள் பில்களோடு என்னுடன் வருவார்கள். அதுவரை தகராறுக்குரிய தொகையைக் காரணம் காட்டி என் கடையின் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. அந்த ஊழியர் என்னிடம் பேசியதற்கும் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடகைதாரர்.

இணைப்பு: ஏப்ரல், மே மாதப் பில் நகல்கள்; என் துணை மீட்டரின் புகைப்படம்.