வெற்றுத் தாளுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு,

பூசணிகள் பிழைத்துவிட்டன. எல்லாம் இல்லை; பெரும்பாலானவை.

நடந்தது உங்களுக்குத் தெரியும்: தரையோடு அடுக்கியிருந்த எங்கள் பூசணி அச்சுப்படத் தாள்கள் தண்ணீரில் நனைந்துபோயின. மின்விசிறி கொடுத்தவர்கள், பலகை சுமந்தவர்கள், ராத்திரிச் சாப்பாடு அனுப்பியவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு.

தனியாகச் சொல்ல வேண்டியவர், நாளிதழ் அச்சகத்தில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன். கேட்காமலே ரீல் மிச்சத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அத்தனையும் அச்சேறாத நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் அச்சிடும் தாள். பழைய பேப்பரை இடையில் வைத்திருந்தால் செய்தி எழுத்தெல்லாம் ஈரத் தாளில் இறங்கியிருக்கும். இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும் என்ற பதற்றத்தில் வெயிலில் போடப் பார்த்தவர்களை, "ஓரம் முதல்ல காஞ்சு சுருட்டிக்கும்" என்று தடுத்ததும் அவர்தான். ஒவ்வொரு தாளையும் கொசுவலைத் துணியில் ஏந்தித் தூக்கி, வெற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்து, அவை ஈரம் குடித்ததும் மாற்றி, லேசாக நமத்திருக்கும்போதே பலகையும் பாரமும் ஏற்றியாயிற்று. நியூஸ்பிரிண்டில் அமிலம் உண்டு, காய்ந்த பிறகு அதை உடனே உருவிவிட வேண்டும்.

ஓவியர் யாயோய் குசாமாவின் பூசணியைப் பயில சில்க் ஸ்கிரீனில், அதாவது சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியே மையைத் தள்ளி, இழுத்த தாள்கள் இவை. ஜப்பானின் மாட்சுமோட்டோவில் விதை, நாற்று விற்ற குடும்பத்தில் 1929இல் பிறந்தவர். 1979இல் பதிப்போவியத்துக்கு, அதாவது அச்சிட்டு எடுக்கும் ஓவியத்துக்கு, வந்தார். பூசணியை விடவே இல்லை. மஞ்சள் பரப்பு, மேலே கறுப்புப் புள்ளிகள், அவ்வளவுதான் என்று தோன்றும். புடைப்பின் நடுவில் புள்ளி பெரியது, பள்ளத்தை நெருங்க நெருங்கச் சிறுக்கும். நிழலே போடாமல் உருண்டை தெரிவது அதனால்தான். ஸ்கிரீனின் வலைத்துணியில் மை காய்ந்தால் முதலில் அடைபடுவதும் அந்தக் கடுகுப் புள்ளிகளே.

இரண்டு நிறமும் ஏறியவை தப்பின. மஞ்சள் மட்டும் ஏறியவைதான் தலைவலி. நனைந்து காய்ந்த தாள் பழைய அளவுக்கு அப்படியே திரும்பாது. நார் ஓடும் திசைக்குக் குறுக்கே கூடுதலாகப் பிசகும். அரை மில்லிமீட்டர் போதும், ரெஜிஸ்டர் அவுட், அதாவது ஒரு நிறத்தோடு இன்னொன்று பொருந்தாது: பூசணிக்கும் பின்னணியில் வரும் வலைக்கோலத்துக்கும் இடையே வெள்ளைக் கீற்று பல்லிளிக்கும். அளந்து பார்த்து, பிசகாதவற்றுக்கு மட்டும் கறுப்பு ஏறும். (நவோஷிமா தீவில் நின்ற அவருடைய மஞ்சள் பூசணியையே 2021இல் புயல் கடலுக்குள் இழுத்துப்போட்டது. 2022இல் மறுபடி வைத்தார்கள். நம் தாள்கள் எம்மாத்திரம்!)

இனி எந்தத் தாளும் தரையோடு அடுக்கப்படாது. கறுப்பு ஏறும் முதல் தாள் அச்சக அண்ணனுக்கு.

மின்விசிறிகள் துடைத்துத் தயாராக இருக்கின்றன. கொடுத்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மஞ்சள் மை பட்டிருக்கிறது, அது போகாது.