தட்டும் புல்லட்டும் பழி சுமக்கும் கிராங்க்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய புல்லட் வண்டிகளின் இன்ஜினில் கேட்கும் தட்டல் சத்தத்துக்கு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று அண்மையில் இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பதிலளித்த மற்றொருவர், பெட்ரோலைக் குறை சொல்லிப் பயனில்லை, தட்டத் தொடங்கிவிட்டால் கிராங்க், அதாவது பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, போய்விட்டது என்றே பொருள், தாமதிக்காமல் இன்ஜினை இறக்கிவிடுவது நல்லது என்று அறிவுரை கூறியிருந்தார். முதலாமவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. இரண்டாமவரின் அறிவுரையை நம்பி நல்ல இன்ஜின்களைப் பிரித்துப் போட்டவர்களை, தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்திய காலத்திலிருந்தே பார்த்து வருகிறேன் என்பதால் இக்கடிதத்தை எழுத நேர்ந்தது.

நான் குறிப்பிடுவது, மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் 1955-இல் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் தயாரித்து வந்த வார்ப்பிரும்பு பேரல் (சிலிண்டர்) கொண்ட 350 புல்லட்டை. 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சி.சி. கொண்ட இந்த ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் ஓசையில்லாமல் ஓடும் என்று எதிர்பார்ப்பவர் வேறு வண்டி வாங்கியிருக்கலாம். ஆனால் வழக்கமான ஓசைக்கு மேல் புதிதாக ஒரு தட்டல் சேர்ந்தால், அது எப்போது கேட்கிறது, எப்போது அடங்குகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்; ஸ்பேனரை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவது கியரிலேயே ஏற்ற முயலும்போது, சில்லறைக் காசுகளைக் குலுக்குவது போன்ற சத்தம் வந்து, ஆக்சிலேட்டரைச் சற்றுக் குறைத்ததும் நின்றுவிடுகிறதென்றால், அங்கே எந்தப் பாகமும் எந்தப் பாகத்தோடும் மோதவில்லை. எரிகலவை முறையாக எரியாமல் வெடிப்பதால் வரும் ஓசை அது. டைமிங் அதிகமாக அட்வான்ஸ் ஆகியிருப்பது (தீப்பொறி உரிய கணத்துக்கு வெகு முன்பே பாய்வது), பிஸ்டன் தலையில் கரி படிந்திருப்பது, கலவை லீன் ஆகியிருப்பது (பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருப்பது) ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். டைமிங் அளவுக்கு மீறி முன்னேறிய வண்டி, கிக்கரை மிதிக்கும்போதே காலைத் திருப்பி அடித்து அதைச் சொல்லிவிடும். தீப்பொறியை உண்டாக்கத் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்து, அட்வான்ஸ் ஆகாத நிலையில் பிஸ்டன் மேல்முனையை எட்டுவதற்கு 0.8 மி.மீ. முன்பாகப் பாயிண்ட் திறக்கும்படி சரிசெய்ய வேண்டும். பாயிண்ட்டுக்கு நடுவே சிகரெட் தாளைச் செருகி, அது பிடி விட்டு நழுவும் கணத்தைத் திறக்கும் கணமாகக் கொள்ளும் பழைய முறை இன்றும் பிழையின்றி வேலை செய்கிறது. இவ்வளவும் சரியாக இருந்தும் சத்தம் நிற்காவிட்டால், பாயிண்ட் தட்டுக்கு அடியில், வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல பட்டறைகளில் அந்தத் தட்டைத் தூக்கிப் பார்ப்பதே இல்லை.

எத்தனால் பற்றிய பாதி உண்மை இங்கேதான் வருகிறது. எத்தனால் பெட்ரோலின் ஆக்டேன் அளவை, அதாவது தட்டாமல் எரியும் திறனைக் கூட்டுகிறது. அந்த வகையில் அது தட்டலைத் தடுக்கும் பொருளே தவிர உண்டாக்கும் பொருள் அன்று. ஆனால் வெறும் பெட்ரோலைவிட எத்தனாலுக்குக் குறைந்த காற்றே போதும் என்பதால், பழைய ஜெட் (பெட்ரோல் வரும் துளை) அளவிலேயே ஓடும் கார்புரேட்டரில் கலவை லீன் ஆகி இன்ஜின் சூடேறுகிறது. போதாக்குறைக்கு, டேங்கின் உட்புறத்தில் பல்லாண்டுகளாகப் படிந்த கசடை அது கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டை அடைத்துவிடுவதும் உண்டு. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால், ஊசி உயர்ந்து, பெட்ரோல் கூடிக் கலவை ரிச் ஆகும்; பல வண்டிகளுக்கு இதுவே போதும்.

ஏற்றத்தில் மட்டுமின்றி, நிறுத்தி வைத்து ஓட்டும்போதும் தட்டும் வண்டியின் கதை வேறு. காலையில் குளிர்ந்த நிலையில் சத்தமாகத் தட்டி, சில கிலோமீட்டர் ஓடியதும் அடங்குவது பிஸ்டன். அலுமினிய பிஸ்டன் சூட்டில் வார்ப்பிரும்பு பேரலைவிட அதிகம் விரிவதால் இடைவெளி குறைந்து சத்தமும் குறைகிறது. புகை இல்லையென்றால் அதற்காக உடனே பேரலின் உட்புறத்தைக் கடைந்து போர் போட ஓட வேண்டியதில்லை. இன்ஜின் இருமுறை சுற்றும்போது ஒருமுறை மட்டும் மேற்புறத்தில் டிக் டிக் என்று கேட்பது வால்வுகளை இயக்கும் டேப்பட்; குளிர்ந்த இன்ஜினில், அழுத்த ஸ்ட்ரோக்கின் மேல்முனையில் பிஸ்டனை நிறுத்தி, டேப்பட்டின் அசைவை மேலே வால்வுக்குக் கொண்டுசெல்லும் புஷ்ராடு விரலால் சுழலும் அளவுக்குத் தளர்வாகவும் மேலும் கீழும் ஆடாமலும் இருக்கும்படி வைத்தால் அடங்கிவிடும். எளிதாகக் கிக் செய்ய அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் வால்வு கசிந்தாலும், சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் புகை கசிந்தாலும் இதே டிக் டிக் வரும் என்பதால், டேப்பட் மூடியைத் திறக்கும் முன் அவ்விரு இடங்களிலும் கரிக்கோடு தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது.

கிராங்க்கின் மேல் வீண்பழி விழுவது பெரும்பாலும் இடதுபக்கத்துச் சத்தங்களால்தான். கிளட்ச்சைப் பிடித்ததும் சத்தம் மாறுகிறதென்றால் கோளாறு கிளட்ச்சிலோ, கிராங்க்கையும் கிளட்ச்சையும் இணைக்கும் பிரைமரி செயினிலோ இருக்க வாய்ப்பு அதிகம். அதைவிட ஏமாற்றுவது, மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரின் சுழலும் பாகமான ரோட்டர். கிராங்க்கின் இடது முனையில் அதைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்தால், ரோட்டர் தன்னைத் தண்டோடு பூட்டும் சாவியின் (சிறு இரும்புத் துண்டு) மேல் ஆடி, ஐடிலில் டொக் டொக் என்று அடியிலிருந்து எழும் கனத்த சத்தம், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கான்ராடின் பேரிங் போன சத்தத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒத்திருக்கும். இடது மிதியையும் பிரேக் பெடலையும் கழற்றி, மூடியின் நடுவில் உள்ள ஒரே நட்டை எடுத்தால் பிரைமரி மூடி வந்துவிடும். ரோட்டரைக் கையால் பிடித்து அசைத்துப் பார்க்கவும், குளிர்ந்த நிலையில் செயின் ஏறத்தாழ 6 மி.மீ. ஆட்டத்தோடு இருக்கிறதா என்று பார்க்கவும் அரைமணி நேரம் தாராளம். அந்த அரைமணி நேரத்தைச் செலவிடாமல், ஸ்க்ரூட்ரைவரைக் காதில் வைத்துவிட்டு "கிராங்க்தான் சார்" என்று தீர்ப்புச் சொன்ன பட்டறை ஒன்றில், தெரிந்தவர் ஒருவரின் வண்டி முழுவதுமாகப் பிரிக்கப்பட்டு, கடைசியில் ரோட்டர் நட்டை முடுக்கியதும் சரியானது. பிரித்த கூலியை அவர் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

கிராங்க் உண்மையிலேயே கெடுவதும் உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஆயில் நீர்த்தபின் சத்தம் கூடுவதும், வேகத்திலிருந்து ஆக்சிலேட்டரை விட்டதும் அடியில் குத்துவதும் அதன் அடையாளங்கள். இந்த இன்ஜினில், கான்ராட் கிராங்க்கோடு சேரும் பிக் எண்டில் இருப்பது ரோலர் அன்று, மிதக்கும் புஷ் (தானும் சுழலும் உலோக வளையம்). ஆயில் வரத்து குறைந்தால் அது தாங்காது. டைமிங் கவருக்குள் கிராங்க் முனைக்கு ஆயிலைச் செலுத்தும் இடத்தில் உள்ள சிறிய சீல் தேய்ந்துவிட்டால், ஆயில் பிக் எண்டுக்குப் போகாமல் வெளியிலேயே வடிந்துவிடும். ஆகவே அந்தக் கவரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் சீலைப் புதிதாகப் போடச் சொல்ல வேண்டும்; அதைப் போடாமல் கான்ராட் கிட்டை மட்டும் மாற்றினால் அடுத்த ஆண்டும் அதே செலவு வரும்.

வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஹெட்டையும் பேரலையும் எடுக்க இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்கத் தேவையில்லை. அவற்றை எடுத்தபின், பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, கான்ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டு அசைவு இருப்பது இயல்பு. மேல்கீழ் அசைவு இருந்தால் மட்டுமே கிராங்க் வேலைக்குச் சம்மதியுங்கள். அப்போதும், கிராங்க்கின் இரு ஃபிளைவீல்களையும் (கனத்த சக்கரங்கள்) சேர்த்தபின் டயல் கேஜ் (நுண் அளவுமானி) வைத்து நேர் பார்த்துத் தரும் லேத் பட்டறைக்கே அதை அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்,
நாமக்கல்.