ஹேமர் வேண்டாம், மாப்ள

அன்புள்ள மாப்ள,

உன் மெயில் புதன்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அப்பா கூப்பிட்டுவிடுவார். அவருக்கு இப்போது பரவாயில்லை. இடது கையில் கொஞ்சம் பிடிமானம் வந்திருக்கிறது, டம்ளரைத் தானே பிடித்து காபி குடிக்கிறார். ராத்திரி ஒன்பதரைக்கு மாத்திரை கொடுத்தால், பன்னிரண்டு மணிக்கு எழுப்பி ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நடுவில் இருக்கிற இரண்டரை மணி நேரம் நான் தூங்கக் கூடாது. அந்த நேரத்தில்தான் டயாப்லோ 2 ரிசரெக்டட், அதாவது நம் ஹாஸ்டல் கம்ப்யூட்டர் கேமின் புதுப்பித்த பதிப்பை, விளையாடுகிறேன்.

மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது பற்றி எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. தங்கச்சியிடமும் சொல்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். "பாலடின் எடுத்தவன் எல்லாம் ஹேமர் போட்டு நிம்மதியாக இருக்கிறான், நீ மட்டும் ஏன் இன்னும் நெருப்பையும் கேடயத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். கேடயம் பிடித்த அந்தப் புனிதப் போர்வீரனுக்கு மந்திரச் சுத்தியலைச் சுழல விடுவதுதான் சுலபம், ஒத்துக்கொள்கிறேன். ஹாஸ்டலில் 2002ல் இதே கேள்வியை நீ கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

அன்று என் நெருப்பு பாலடின், கேமின் இரண்டாவது கடினக் கட்டமான நைட்மேர் போனதும் செத்துச் செத்து விழுந்ததை நீயே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். என் கைதான் சரியில்லை என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு ஸ்கில் இன்னொரு ஸ்கில்லுக்குப் பலம் சேர்க்கும் சினர்ஜி முறையே கேமில் கிடையாது. 2003 அக்டோபரில் வந்த 1.10 பேட்ச்சில்தான் அது வந்தது. அதற்குள் நாம் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டோம், அந்த மூன்று சிடியும் யாரிடம் போனது என்றே தெரியவில்லை. அந்தப் பேட்ச்சுக்குப் பிறகு ரெஸிஸ்ட் ஃபயர் என்ற ஸ்கில்லில் போடும் ஒவ்வொரு பாயின்டும், பாலடினைச் சுற்றி நெருப்பைப் பரப்பும் ஹோலி ஃபயரின் டேமேஜை 18 சதவீதம் ஏற்றுகிறது. நாம் தொட்டுக்கூடப் பார்க்காத ஸ்கில் அது!

அதனால் இந்தத் தடவை முதல் லெவலிலிருந்தே ரெஸிஸ்ட் ஃபயரில் போட்டு வந்தேன். வழியில் மைட் என்ற ஸ்கில்லுக்கு ஒரு பாயின்ட். ஆறாவது லெவலில் ஹோலி ஃபயர் திறந்ததும் கிடைத்ததெல்லாம் அதற்குத்தான். அந்த ஆராவை, அதாவது உடம்பைச் சுற்றி நிற்கும் சக்தியை, ஏற்றிக்கொண்டு நடந்தாலே சுற்றி நிற்பவை இரண்டு விநாடிக்கு ஒருமுறை வேகும். உண்மையான பலம் அந்தச் சூட்டில் இல்லை. சுற்றிலும் பரவும் சூட்டைப் போல ஆறு மடங்கு நெருப்பு, நாம் ஆயுதத்தால் அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் சேர்கிறது. ஆக, ஆயுதம் எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை, எவ்வளவு வேகமாக வீசுகிறாய் என்பதுதான் கணக்கு. பன்னிரண்டாவது லெவலில் வேகமாகத் தொடர்ந்து அடிக்கும் ஸீல் வந்து, அதில் நாலு பாயின்ட் போட்டதும் ஒரு கிளிக்குக்கு ஐந்து அடி. ஐந்திலும் நெருப்பு. ஆக்ட் 1 கடைசியில் வரும் பெரிய எதிரி ஆண்டாரியலுக்கு நெருப்பென்றால் ஆகாது என்பது உனக்குத் தெரியும். முதல் கட்டமான நார்மலில் அவளுடைய அறைக்குள் போய் நான் ஒரு போஷன்கூடக் குடிக்கவில்லை.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால்தான் இந்த நெருப்பு வேலை செய்யும். உன் மந்திரக்காரி சோர்சரஸ் டெலிபோர்ட் அடித்துத் தூரத்திலிருந்து எரிப்பாள். என் பாலடின் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று அடி வாங்க வேண்டியவன். அதனால்தான் கேடயத்தைப் பற்றி இவ்வளவு யோசித்தேன்.

ஸ்கில் பாயின்ட் தவிர லெவலுக்கு ஐந்து பாயின்ட் தனியாக வருமே, ஹாஸ்டல் நாட்களில் அதில் மிச்சமானதையெல்லாம் உயிரைக் கூட்டும் வைட்டாலிட்டியில் கொட்டுவோம், ஞாபகம் இருக்கிறதா? கைலாவகத்தைக் கூட்டும் டெக்ஸ்டெரிட்டி என்றால் வில்லெடுத்த அமேஸானுக்கு என்று ஒதுக்கிவிடுவோம். அது தப்பு மாப்ள. கேடயத்தில் எழுதியிருக்கும் பிளாக், அதாவது அடியைத் தடுக்கும் சதவீதம், அப்படியே கிடைக்காது. அந்த எண்ணை, டெக்ஸ்டெரிட்டியில் 15ஐக் கழித்து வருவதால் பெருக்கி, லெவலைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் வருவதுதான் உண்மையான பிளாக். அது எவ்வளவு போனாலும் 75ஐத் தாண்டாது. உன் கேடயம் 75 என்று வைத்துக்கொள். லெவல் 80ல் முழு பிளாக் வேண்டுமென்றால் டெக்ஸ்டெரிட்டி 175 இருக்க வேண்டும். லெவல் ஏற ஏற அதுவும் ஏறிக்கொண்டே போகும்: லெவலுக்குக் கிடைக்கும் ஐந்து பாயின்டில் இரண்டு, வாடகை மாதிரி அதற்கே போய்விடும். கட்டத் தவறினால் பிளாக் தானாகத் தேயும். நான் அன்று ஒரு பாயின்ட்கூடக் கட்டவில்லை. கையில் கேடயம் இருந்தது, தடுக்கத்தான் இல்லை.

இருபத்துநாலாவது லெவலில் ஹோலி ஷீல்ட் என்ற ஸ்கில் வந்ததும் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அது கேடயத்தின் எண்ணையே ஏற்றிவிடும். 75 இருந்தது 100 ஆனால், அதே லெவல் 80க்கு 135 டெக்ஸ்டெரிட்டி போதும். மிச்சமான 40 பாயின்ட் வைட்டாலிட்டிக்குப் போனால் 120 உயிர். டெக்ஸ்டெரிட்டியில் போட்டதும் வீணில்லை. அடி குறி தவறாமல் படுவதற்கான அட்டாக் ரேட்டிங் பாயின்டுக்கு ஐந்து வருகிறது. நம் நெருப்போ அடி பட்டால்தான் இறங்கும், தவறிய அடியில் நெருப்பும் தவறும். அடி படுவதற்கும் அடியைத் தடுப்பதற்கும் ஒரே பாயின்ட் உழைக்கிறது. இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஹோலி ஷீல்டில் இன்னொரு விஷயம் உண்டு. தடுப்பதற்கும் நேரம் ஆகும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் இந்த கேமில், சும்மா கேடயம் பிடித்த பாலடின் ஒரு அடியைத் தடுக்க ஐந்து ஃபிரேம் எடுக்கிறான். ஹோலி ஷீல்ட் இருந்தால் இரண்டுதான். கூட்டத்தில் சிக்கினால் இந்த மூன்று ஃபிரேம் பெரிய விஷயம், ஏனென்றால் தடுத்துக்கொண்டே இருப்பவனுக்குத் திருப்பி அடிக்க நேரம் கிடைக்காது. முதல் லெவல் ஹோலி ஷீல்ட் முப்பது விநாடிதான் நிற்கும், அதனால் மேலே பாயின்ட் போடப் போட நிம்மதி. அதை அடைய வழியில் பிளெஸ்ட் ஹேமருக்கும் ஒரு பாயின்ட் போட்டே ஆக வேண்டும். ஆக, உன் ஹேமருக்கு நான் மரியாதை கொடுக்காமல் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. நடந்தாலோ ஓடினாலோ பிளாக் மூன்றில் ஒரு பங்காகிவிடும். 75 சதவீதம் 25 ஆகிவிடும். பயந்து ஓடும்போதுதான் இவன் சாகிறான், நின்றால் பிழைக்கிறான். ஆக்ட் 2 கடைசியில், தால் ராஷா கல்லறையில் டூரியல் என்ற பெரிய பிசாசு பாய்ந்து வரும்போது என் விரல் பழக்கத்தில் தானாக விலகி ஓடப் பார்த்தது. ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று ஸீல் அடித்தேன். நாலுக்கு மூன்று அடி கேடயத்தில் விழும் அந்தச் சத்தம் கேட்கிறதே, அதற்காகவே இந்த கேரக்டரை உருவாக்கலாம் என்று தோன்றியது. ஹேமர் போடுபவன் இதை அறியவே மாட்டான்.

எல்லாவற்றையும் கேடயம் தடுக்காது. ஆயுத அடியும் அம்பும் சரி, மந்திரம் உள்ளே வந்துவிடும். கடைசிக் கடினக் கட்டமான ஹெல்லில், மந்திரத்தைத் தாங்கும் ரெஸிஸ்டன்ஸ் எல்லாம் நூறு இறங்கிவிடுவதால் பாலடினுக்கென்றே இருக்கும் கேடயங்களில் 45 வரை எல்லா ரெஸிஸ்டன்ஸும் தருவதைத் தேடி எடுத்துக்கொள். ஸ்மைட்டை நம்பாதே. கேடயத்தால் அடிக்கும் அந்த அடியில் நெருப்பு சேராது.

ஹெல்லில் நெருப்புக்கு இம்யூனாக, நெருப்பே படாமல் நிற்பவைதான் பெரிய தலைவலி. அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் பொருட்களில் பதிக்கும் ரூன் கற்கள் வேண்டும். சுர், லோ, சோல் என்ற மூன்று ரூனையும் வைத்தால் அந்தப் பொருள் டிராகன் ஆகிவிடும். உடம்புக் கவசத்திலும் போடலாம், கேடயத்திலும் போடலாம், ஒவ்வொன்றும் 14ஆம் லெவல் ஹோலி ஃபயரைத் தானாகவே தரும். ஆயுதத்தில் சுர், சாம், ஆம்ன், லோ வைத்து ஹேண்ட் ஆஃப் ஜஸ்டிஸ் செய்தால் இன்னொரு 16. மூன்றும் கூடி 44! ஹோலி ஃபயர் பொருட்களிலிருந்தே எரிவதால், கையிலிருக்கும் ஆராவை கன்விக்‌ஷனுக்கு மாற்றிக்கொள்ளலாம். அது எதிரியின் நெருப்பு ரெஸிஸ்டன்ஸை உடைக்கும். இம்யூனாக இருப்பவற்றின் மேல் ஐந்தில் ஒரு பங்குதான் வேலை செய்யும் என்றாலும், நிறைய பேருடைய இம்யூனிட்டி அதிலேயே போய்விடும். அந்தக் கட்டத்தில் ஆக்ட் 1 ஊரில் இருக்கும் அக்காராவிடம் போய் பாயின்டையெல்லாம் திரும்ப வாங்கி, புதிதாகப் போட வேண்டும்.

என்னிடம் இப்போது ஒரு டிராகன் இருக்கிறது, உடம்பில். கேடயத்துக்கு இன்னொரு லோ வேண்டும். லெவல் 83, ஹெல், ஆக்ட் 3 காட்டில் அந்தக் குட்டிப் பிசாசுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன்.

மாப்ள, ஒன்று கேட்கிறேன். முன்பு மாதிரி ஐபி நம்பர் அடித்து இரண்டு கம்ப்யூட்டரை இணைக்கும் வசதியை ரிசரெக்டட்டில் எடுத்துவிட்டார்கள். ஆஃப்லைனில் வளர்த்த என் பாலடினை ஆன்லைனுக்குக் கொண்டுவரவும் முடியாது. அதனால் முதல் லெவலிலிருந்து புதிதாக ஒன்று ஆரம்பிக்கிறேன். நீ உன் சோர்சரஸை எடு, ஃபயர் பால் போடு. நான் முன்னால் நிற்கிறேன். முப்பதாவது லெவலில் எனக்கு கன்விக்‌ஷன் வந்ததும் என்னைச் சுற்றி நிற்பவற்றின் ரெஸிஸ்டன்ஸ் உனக்கும் சேர்த்துத்தான் இறங்கும். உன் நெருப்பு எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று நீயே பார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வா. பன்னிரண்டுக்கு நான் எழுந்து போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவேன், கால் மணி நேரம் ஆகும். அதுவரை ஊருக்குள்ளேயே இரு, தனியாக வெளியே போகாதே.

அன்புடன்,
உன் மாப்ள