போத்தல் போத்தலாய் ஓடைத் தண்ணீர் சுமந்தவர்களுக்கு நன்றி

வணக்கம். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி நேரில் நன்றி சொல்லத்தான் ஆசை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஐந்து புளோக் ஏறி இறங்க முடியவில்லை, பாதிப் பேர் வேலையில் இருப்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மலேசியாவில், பினாங்குத் தீவில் மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஃபிளாட். பின்னால் ஓர் ஓடை இறங்குகிறது, கொஞ்ச தூரம் கீழே அதிலிருந்து குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள். அந்த ஓடைக்கு மேல் சரிவில் புது வீடுகள் கட்ட மண் வெட்டினார்கள், ஒரே மழையில் தண்ணீர் தே தாரேக் (பால் தேநீர்) நிறத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் இரண்டாம் கட்ட வேலைக்கு ஓடைக்கரை வரைக்கும் வெட்டப்போவதாக, பக்கத்து நிலத்துக்காரர்கள் என்று எங்களுக்குக் கடிதம் வந்தது. ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் சொல்ல வேண்டும்.

முதல் நன்றி இரண்டாம் மாடியில் இருக்கும், வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்யும் அந்தப் பெண்ணுக்கு. மலாயில் வந்த கடிதத்தை நாங்கள் பார்த்துவிட்டு மின்கட்டண பில்லோடு வைத்திருந்தோம். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் எங்களுக்கு ஒரு வாய் கொடுத்திருக்கிறது, விட்டால் போய்விடும் என்று வீடு வீடாக வந்து விளக்கியவள் அவள்தான். நல்லா இரும்மா.

அடுத்து, நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் அண்ணன். அவர் சொல்லித்தான் மண் கலந்த தண்ணீரில் அழுக்கைத் தாண்டியும் என்ன தொல்லை இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. கலங்கல் ஏற ஏறப் படிகாரம் அதிகம் போட வேண்டும், மணல் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், குளோரின் போட்டாலும் கிருமி மண்துகளுக்குப் பின்னால் ஒளிந்து தப்பிவிடும், அளவு மீறினால் தண்ணீர் எடுப்பதையே நிறுத்த வேண்டியதுதான். "கத்தி சண்டை போடாதீங்க, போத்தல் எடுத்துட்டுப் போங்க" என்றார். ஒவ்வொரு மழைக்கும் வெட்டிய இடத்துக்கு மேலே ஒரு போத்தல், கீழே ஒரு போத்தல். தேதி எழுதி ஒரு ராத்திரி அசையாமல் வைத்தால் எவ்வளவு மண் என்று அடியில் தெரியும். மழை நின்றதும் நனைந்த பாறையில் இறங்கிப் போய் எடுத்து வந்த தம்பிகளே, உங்கள் அம்மாக்கள் என்னைத் திட்டியது எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மொத்தம் 34 போத்தல். எங்கள் ஆட்சேபத்தை அதிகாரிகள் கேட்ட விசாரணை நாளில் அதை மேசையில் வரிசையாக வைத்ததும் அறை அமைதியானது, நாங்கள் அதிகம் பேசவே வேண்டியிருக்கவில்லை.

ஓடைக்கு இறங்கத் தன் டுரியான் தோட்டத்து வழியைத் திறந்துவிட்ட சீன அங்கிளுக்கும், கூட்டம் போட இடம் கொடுத்து எங்களுக்குக் காப்பியும் போட்டுக் கொடுத்த சூராவ் (சிறிய தொழுகை இடம்) பாக்சிக்குக்கும் (மலாய்க்கார மாமா) நன்றி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் நம் பிள்ளைகளை மறக்க முடியுமா? 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்ற நான்கு நாள் தண்ணீர் நிறுத்தியபோது, தோளில் தூக்கி மாடி மாடியாக முதியவர்களுக்குக் கொண்டு போய்க் கொடுத்தவர்கள் இவர்கள். ஆட்சேபத்துக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது எந்தக் கதவும் இவர்களுக்கு மூடவில்லை.

அந்த நான்கு நாளில்தான் பலருக்கும் ஒன்று உறைத்தது. பினாங்குக்குத் தேவையான நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது, அந்த ஆறு பிறப்பது பக்கத்து மாநிலமான கெடாவில், உலு மூடா காட்டில். அங்கிருந்து வந்து, சுங்கை டுவாவில் சுத்தமாகி, கடலுக்கு அடியில் குழாயில் தீவுக்கு வந்து சேர்கிறது. 1962-இல் கட்டிய ஆயர் ஈத்தாம் அணையும் 1999-இல் வந்த தெலுக் பஹாங் அணையும் தீவுக்குப் பெரிய துணை, ஆனால் அவை மட்டும் போதாது. கெடாக்காரர்களிடம் உங்கள் காட்டை வெட்டாதீர்கள், எங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்கும் நாம், நம் கொல்லையில் ஓடும் ஓடையைச் சேறாக்கிவிட்டு எந்த முகத்தோடு கேட்பது?

தண்ணீர்மலை முருகன் கோயில் முன்பு அருவிக்குப் பக்கத்தில்தான் இருந்தது, நகரத்துக்குத் தண்ணீர் எடுக்க வேண்டி இடம் மாறியது என்று என் அப்பா சொல்வார். வேல் வைத்துக் கும்பிட்ட இடத்தையே தண்ணீருக்காக விட்டுக்கொடுத்த ஊர் இது. விசாரணைக்குப் போகும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீடே கட்டக் கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டும் ஒரு காலத்தில் மலையை வெட்டிக் கட்டியதுதானே. கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலோ 25 பாகைக்கு மேற்பட்ட சரிவிலோ கட்டக் கூடாது என்று பினாங்கில் விதி இருக்கிறது, இந்த இடம் அதற்குக் கீழே, எனவே விதிப்படி அவர்கள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் ஓடைக்கு அந்தக் கோடு எங்கே தெரியும்? கரையை விடுங்கள், மரத்தை விடுங்கள், மண்ணை மூடி வைத்து வேலை செய்யுங்கள், இவ்வளவுதான் கேட்டோம்.

இந்த இடத்தில் என் மகனுக்கு நன்றி சொல்ல வேண்டும், எழுதும்போதே கண் கலங்குகிறது. மனைவி, குழந்தையோடு எங்கள் இரண்டு அறை வீட்டில்தான் இருக்கிறான். அந்த இரண்டாம் கட்டத்தில் ஒரு வீட்டுக்கு அவனும் விண்ணப்பம் போட்டிருந்தான். அம்மா எதிர்த்துக் கையெழுத்து வாங்குகிறாள், மகன் வீடு கேட்டுக் காத்திருக்கிறான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மழை விட்டதும் போத்தலை எடுத்துக்கொண்டு அவனே இறங்கிப் போனான். திருத்திய வரைபடத்தில் கட்டடம் ஓடையைவிட்டுத் தள்ளிப் போனது, சில வீடுகள் குறைந்தன. அவனுக்குக் கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. தீவில் வேலை செய்யும் பிள்ளைகள் தீவில் குடியிருக்க வீடு வேண்டும், அதையும் அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

எங்கள் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட அதிகாரிகளுக்கும், வரைபடத்தைத் திரும்ப வரைந்த, எங்களோடு ஓடையில் இறங்கி நடந்த அந்த இளம் பொறியாளருக்கும் மனமார்ந்த நன்றி. கரை மரங்கள் நிற்கின்றன. மண் படியும் குட்டையைப் பெரிதாக்கிவிட்டார்கள், சரிவை மூடியிருக்கிறார்கள்.

போன வாரப் பெருமழைக்கு மறுநாள் இரண்டு போத்தல் எடுத்தோம். கீழே எடுத்ததில் இன்னும் விரல் கனத்துக்கு மண் இருக்கிறது, முன்பு பாதிப் போத்தல் இருக்கும். குட்டையை அள்ளிச் சுத்தம் செய்கிறார்களா என்று சனிக்கிழமை பார்க்கப் போகிறோம். வர முடிந்தவர்கள் காலை 7 மணிக்கு முதல் புளோக் கீழே வந்துவிடுங்கள், சிலிப்பர் வேண்டாம், பாறை வழுக்கும்.