அந்தப் பழுப்பு நீர் மாசு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நடுப்பக்கத்தில் ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்துப் பனியாறு ஒன்று கடலைத் தொடும் முகப்பை அரைப்பக்கப் படமாகப் போட்டிருந்தீர்கள். படம் அருமை. அதன் கீழே ஒரு வரி: "மாசுபட்ட கலங்கல் நீரில் இரையின்றித் தவிக்கும் கடற்பறவைகள்." மொத்தம் ஆறு சொற்கள். நீர் கலங்கல்தான், பறவைகள் கடற்பறவைகள்தான். மற்ற மூன்றும் தவறு. பாதிக்குப் பாதி தேறியிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தப் பாதியை நம்பித்தானே வாசகர் பக்கத்தைத் திருப்பியிருப்பார்?

தங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். கோடையில் பனியாற்றின் மேற்பரப்பில் உருகும் நீர் பிளவுகளிலும் செங்குத்துத் துளைகளிலும் இறங்கி அடித்தளத்தை அடைகிறது. அங்கே பனிக்கும் பாறைக்கும் நடுவே சுரங்கம்போல் வழி அமைத்து ஓடுகிறது. பனியாறு நகரும்போது அடிப்பாறையை அரைத்துப் பொடியாக்கி வைத்திருக்கும். அந்தப் பாறைமாவை ஓடும் நீர் அள்ளிக்கொள்கிறது. படத்தில் நீங்கள் கண்ட பழுப்பு அதுதான். எண்ணெய்க் கசிவும் இல்லை, ஆலைக் கழிவும் இல்லை.

இந்த நீர் கடலுக்குள் நுழையும் இடம் பனிச்சுவரின் அடிவாரம். கடல்மட்டத்துக்குப் பல பத்து மீட்டர் கீழே. கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. உருகி வந்த நீரில் உப்பே இல்லை. ஒரு லிட்டர் கடல்நீர் அதைவிட ஏறக்குறைய 27 கிராம் கனம். அந்தச் சிறு வேறுபாடு போதும்; நன்னீர் பனிச்சுவரை ஒட்டிச் செங்குத்தாக மேலே பாய்கிறது. போகிற போக்கில் சுற்றியுள்ள கடல்நீரையும் தன் அளவைப்போல் பல மடங்கு இழுத்துக்கொண்டு எழுகிறது. ஆழத்தில் இருந்த, இறால் போன்ற சிற்றுயிரிகளான கிரில், ஆம்பிபாட் வகை மிதவை உயிரிகள், சில வேளை இளம் துருவக் காட் மீன்கள் எல்லாம் அதோடு மேலே வந்துவிடுகின்றன. மேலே பொங்கிய நீர் வெளிக்கடல் நோக்கிப் பரவும்போது, அந்த இடத்தை நிரப்ப ஆழத்தில் புதுக் கடல்நீர் உள்ளே வருகிறது. அதில் புது உயிரிகளும் வருகின்றன. சரக்கு தீர்ந்துபோகாததற்குக் காரணம் இதுதான்.

மேலே வந்து சேர்ந்த உயிரிகளின் கதி பரிதாபம். உப்பு நீருக்குப் பழகிய உடல் திடீரென்று உப்புக் குறைந்த நீரில் மாட்டும்போது சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுகிறது. அவை செயலிழக்கின்றன, சில செத்தும் போகின்றன. படத்தில் உள்ள கருங்கால் கிட்டிவேக் என்ற கடற்காகத்தால் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் மூழ்க முடியாது. ஐம்பது மீட்டர் ஆழத்துக் கிரில் அதற்கு இருந்தும் இல்லாததுபோல. அதையே பனியாறு மேலே கொண்டுவந்து, அசைய முடியாத நிலையில் பரப்பி வைக்கிறது. பந்திக்கு முந்தி வந்து உட்கார்ந்திருப்பவர்களைக் காட்டி, பட்டினி கிடக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் படமே சாட்சி. முகப்பை ஒட்டி அரைவட்டமாக ஓர் இடத்தில் மட்டும் மிதக்கும் பனித்துண்டுகள் இல்லை. அடியிலிருந்து பொங்கும் நீர் அவற்றை விளிம்புக்குத் தள்ளிவிட்டது. விளிம்பில் ஒதுங்கிய துண்டுகளின் மேல் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அரைவட்டத்துக்குள் இருப்பவற்றின் அலகுகள் நீருக்குள் இருக்கின்றன. சுவரருகே இறங்குவது, கொத்திக்கொண்டே நீரோட்டத்தோடு வெளியே மிதந்து வருவது, விளிம்பை எட்டியதும் எழுந்து பறந்து மறுபடி சுவரருகே இறங்குவது: படகில் நின்று இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்த எவரும் தவிப்பு என்ற சொல்லைத் தேடிப் போக மாட்டார்கள்.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. ஸ்வால்பார்டின் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்கில், ஃபியோர்டு எனப்படும் குறுகிய கடற்கழி ஒன்றில் பறவைகள் எதைத் தின்கின்றன என்று ஹார்ட்லியும் ஃபிஷரும் ஆராய்ந்து எழுதியது 1936-இல். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமே 2008 முதல் அதே தீவின் கோங்ஸ்ஃபியோர்டின் கரையில் இருக்கிறது. 2014-இல் அந்த ஃபியோர்டின் நீருக்குள் 'இண்டார்க்' கருவித்தொகுதியையும் இறக்கினார்கள். ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் போதும்.

இது முதல் தடவை என்றால் எழுதியிருக்க மாட்டேன். ஆர்க்டிக் சிறப்பிதழின் அட்டையில் பனிக்கரடியோடு, ஆர்க்டிக்கிலேயே இல்லாத பெங்குயினை நிறுத்தினீர்கள். எழுதினேன், பதில் இல்லை. மிதக்கும் கடற்பனி உருகுவதால்தான் கடல்மட்டம் உயர்கிறது என்று ஒரு பெட்டிச் செய்தி; உயர்வுக்குக் காரணம் நிலத்துப் பனியும் வெப்பத்தால் விரியும் கடல்நீரும் என்று எழுதினேன், அதற்கும் பதில் இல்லை. பிறகு சின்ன ஆக் பறவையை 'பெங்குயின் குஞ்சு' ஆக்கினீர்கள். சுமார் 160 கிராம் எடையுள்ள, நன்றாகவே பறக்கத் தெரிந்த பெங்குயின் குஞ்சு! சின்ன ஆக் கண்ணால் பார்த்து, மூழ்கி, கலானஸ் என்ற கோப்பெபாடுகளை, அதாவது நுண்ணிய மிதவை உயிரிகளைப் பிடிப்பது. பாறைமாவு அடர்ந்த நீர் அதற்கு உதவாது. ஆனால் ஃபிரான்ஸ் யோசஃப் தீவுக்கூட்டத்தில், உருகுநீரும் கடல்நீரும் முட்டிக்கொள்ளும் எல்லையில் அவை செயலிழந்த உயிரிகளைத் தின்பதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. எல்லாப் பறவைக்கும் ஒரே கணக்கு இல்லை.

எல்லாவற்றையும்விட எரிச்சல் தந்தது சில இதழ்களுக்கு முன் வந்த கட்டுரை. 'பனி உருக உருகப் பறவைகளுக்கு உணவு பெருகும்' என்றது. ஒருவர் பட்டினி என்கிறார், இன்னொருவர் விருந்து என்கிறார். இருவரும் உங்கள் பக்கத்திலேயே எழுதுகிறார்கள், ஒருவரை ஒருவர் படிப்பதில்லை போலும். பனியாற்றின் அடி கடலுக்குள் இருக்கும் வரைதான் இந்த ஏற்பாடு. பின்வாங்கிக் கரையேறிவிட்டால் அதே உருகுநீர் ஓடையாக வந்து கடலின் மேலேயே மிதந்து பரவும். ஆழத்திலிருந்து எதையும் தூக்காது. பின்வாங்குவது கற்பனையும் அல்ல. கோங்ஸ்ஃபியோர்டில் நெடுங்காலம் தீபகற்பமாக வரைபடங்களில் இருந்த பிளோம்ஸ்ட்ரண்ட், 1990-களில் பனி விலகியபின் தீவு என்று தெரியவந்தது. மறுபக்கம், கிரீன்லாந்தின் மிக ஆழமான ஃபியோர்டுகளில் எழும் நீர் மேலே வருமுன்பே சுற்றியுள்ள நீரின் அடர்த்தியை எட்டி, நடுவிலேயே பரவிவிடுவதுண்டு. அங்கே அடியில் எவ்வளவு உருகினாலும் கிட்டிவேக்குக்குப் பயன் இல்லை. ஆழம் அதிகமானாலும் கெடுதல், இல்லாமல் போனாலும் கெடுதல். 2017 முதல் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலில் இருக்கும் பறவை இது. அதன் உண்மையான ஆபத்தை விட்டுவிட்டு, இல்லாத மாசைக் காட்டி இரக்கம் கேட்டிருக்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம். இனி துருவப் படம் போட்டால் இடம், மாதம், பறவையின் பெயர் மூன்றையும் கீழே கொடுங்கள். மாதம் முக்கியம்: ஜூலை, ஆகஸ்டில் பொங்கும் இந்த நீர் குளிர்காலத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். இடம் போதாது என்றால் குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு கட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

திருத்தத்திலும் பெயர் தவறிவிடக் கூடாது என்பதால் குறித்துத் தருகிறேன். மஞ்சள் அலகு, கறுப்புக் கால், முழுக்கக் கறுத்த இறக்கை முனை உள்ளவை கருங்கால் கிட்டிவேக். வலது ஓரத்தில் அலகின் மேல் குழாய் மூக்கோடு தனியாக மிதக்கும் சாம்பல் பறவை ஃபுல்மார். அதைக் கடற்காகம் என்று எழுதிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
பதில் வராத கடிதங்களின் வாசகன்