ஹேண்டிலை நான் மறக்கவில்லை, தம்பி

அன்புள்ள கோத்தகிரி தம்பிக்கு,

நேற்று சாயங்காலம் நீங்கள் போன் செய்து, "அண்ணா, பக்கத்து எஸ்டேட்ல ஒரு ஹேண்டில் கிடைச்சிருக்கு, ஞாயித்துக்கிழமை டில்லரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்னு இருக்கோம்" என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் உங்களுக்கு விற்ற பவர் டில்லர்தான், பின்னால் நடந்து பிடித்து உழுகிற இரண்டு சக்கர வண்டி; அதன் என்ஜினைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்கிற கம்பிதான் அந்த ஹேண்டில். சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டியது, வாயில் வரவில்லை. எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவது ஏன் என்றால், என்னிடம் பழைய டில்லர் வாங்கிப் போனவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதுவும் தவிர, உங்களுக்கு மட்டும் எழுதினால் பாதியை விழுங்கிவிடுவேன்.

என்ஜின் பிளாக்கின், அதாவது என்ஜினின் வார்ப்பிரும்பு உடம்பின் பக்கவாட்டில், கிரீஸும் மண்ணும் அப்பிக் கிடக்கிற இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் இருக்கிறது. அந்த மண்ணை நான் துடைக்காமல் விட்டது சோம்பேறித்தனத்தால் இல்லை.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஜனவரி. ஊட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தலைகுந்தாவில் கீழ்த் தோட்டத்தை கேரட்டுக்கு உழுதுகொண்டிருந்தேன். கோவையில் ஒரு கல்யாணம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வண்டியை ஓரத்தில் நிறுத்தி மேலே இரண்டு சாக்கைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஊட்டி பொட்டானிக்கல் கார்டனில் பனிக்காலத்தில் நாற்றுகளுக்கு மிலார் என்கிற செடியைப் போர்த்துகிறார்கள் இல்லையா, நான் என்ஜினுக்குச் சாக்கு போர்த்தினேன், அவ்வளவுதான் புத்தி. என்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீரைத் திருகைத் திறந்து வடித்துவிட்டிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு நாள் கழித்து வந்தால் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளை. தண்ணீர் உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெரிதாகும், வார்ப்பிரும்பு அதற்கு ஒரு மயிரிழைகூட வழிவிடாது. வெயில் ஏறி பனிக்கட்டி உருகினதும் சொட்டுச் சொட்டாகக் கீழே. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

முதலில் எம்-சீல் வைத்து அடைத்தேன். வெட்கக்கேடு. என்ஜின் சூடானதும் பெயர்ந்து வந்தது. அப்புறம் பிளாக்கைக் கழற்றி கோவைக்குக் கொண்டுபோய் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அந்தப் பெரியவர் விரிசலைத் தொடவே இல்லை, முதலில் அதன் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டார், அப்போதுதான் அது மேலே ஓடாதாம். பிறகு நிக்கல் ராடில் ஒரு இஞ்ச் ஒரு இஞ்சாக வெல்டு வைத்து, ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டி ஆறவிட்டு அடுத்தது. ஒரே மூச்சில் ஓட்டினால் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும் என்றார். ஒரு பகல் முழுக்கப் போனது. வேலை சுத்தம். ஆனாலும் முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் அந்த இடம் வியர்க்கிறது. சொட்டாது, ஈரம் தெரியும், அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்லாமல் விற்றேன்? நீங்கள் வந்த அன்று ஹோம்ஸ்டே வாசலில், பூச்செடி நடுவில், சிவப்பு பெயின்ட் அடித்து நிறுத்தப் போகிறேன் என்றீர்கள். நிற்கப்போகிற வண்டிதானே, விரிசலைப் பற்றிப் பேசி விலையை ஏன் இறக்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது. வண்டியை ஏற்றும்போது, "ஹேண்டிலை எங்கோ வைத்து மறந்துவிட்டேன், தேடி அனுப்புகிறேன்" என்றேனே, மறக்கவில்லை. கொட்டகையில் ஆணியில்தான் தொங்குகிறது. ஹேண்டில் இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்ய மாட்டீர்கள் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் ஓட்ட ஆசைப்படுவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் என் தப்பு. நானும் என் அப்பாவின் டில்லரை ஆசையாகக் கேட்டவன்தானே.

நீங்கள் ஸ்டார்ட் செய்வதாக இருந்தால் இதையெல்லாம் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

தண்ணீர் பார்க்காமல் ஓட்டாதீர்கள். குறைந்திருந்தால், சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள், அந்த வெல்டு பிடித்துக்கொண்டிருப்பது நம் நல்ல நேரத்தில். நிறுத்தி ஆறவிட்டு ஊற்றுங்கள். ராத்திரி நிறுத்தும்போது வடித்துவிடுங்கள். கோத்தகிரியில் எங்கள் பக்கம் மாதிரி உறைபனி விழாது என்பீர்கள், விழாத வருடமாகப் பார்த்து விழும். கூலன்ட் ஊற்றினால் உறையாதே என்றால், விரிசல் இல்லாத வண்டிக்கு அதுதான் சரி. இதில் கசிந்தால் கீழே தேங்கும், அது இனிப்பு, விஷம். உங்கள் வீட்டில் நாய் இருக்கிறது.

ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், சுற்றிப் பிடிக்காதீர்கள். என்ஜின் திருப்பி அடித்தால் கட்டைவிரல்தான் முதலில் போகும். டிகம்ப்ரஷன் லீவரை (என்ஜினுக்குள் அழுத்தத்தை விடுவித்துச் சுற்றலை லேசாக்குவது) தூக்கிப் பிடித்து எரிபொருள் இல்லாமல் பத்துச் சுற்று சுற்றுங்கள், காலை குளிரில் ஆயில் எல்லா இடத்துக்கும் போகட்டும், அப்புறம்தான் டீசல். வேகம் பிடித்ததும் லீவரை விடுங்கள். மூன்று முறை சுற்றியும் பிடிக்காவிட்டால் பலத்தைக் காட்ட வேண்டாம், ஏர் லாக்காக இருக்கும், அதாவது டீசல் வரும் வழியில் காற்று அடைத்திருக்கும். ஃபில்டர் பக்கத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வருகிறவரை விட்டு இறுக்குங்கள். டேங்கை எப்போதும் நிறைத்தே வையுங்கள். காலி இடம் இருந்தால் நம் மஞ்சில் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

கறுப்புப் புகை வந்தால் பயப்படாதீர்கள். இது கேரளாவின் கேம்கோ கம்பெனி, ஜப்பானின் குபோட்டா தொழில்நுட்பத்தில் செய்த 12 குதிரைத்திறன் வண்டி. அந்த 12 கீழே, கேம்கோ தொழிற்சாலை இருக்கிற அத்தாணியில், தரைமட்டத்தில். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று அவ்வளவு மெலிசு, ஐந்தில் ஒரு பங்கு சக்தி இங்கே வந்ததும் காணாமல் போகும். டீசல் அதே அளவு போகிறது, காற்று போதவில்லை, மிச்சம் புகை. மெக்கானிக்குகள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டரை மாற்றச் சொல்வார்கள், அதனால் போகிற புகை இல்லை இது. (என் கொட்டகையில் ஒரு பழைய பெட்ரோல் என்ஜினும் இருக்கிறது, அதற்கும் இதே கதைதான், மேட்டுப்பாளையத்தில் சுத்தமாக ஓடும், இங்கே பிளக் கரி பிடிக்கும்.)

இறக்கத்தைப் பற்றி இரண்டு தடவை படியுங்கள். வண்டியைத் திருப்ப இரண்டு கைப்பிடியிலும் ஒரு லீவர் இருக்கிறது, அதைத்தான் பிடி என்கிறேன். சமதளத்தில் இடது பிடியை அழுத்தினால் இடது சக்கரத்துக்கு ஓட்டம் போகாது, வண்டி இடதுபக்கம் திரும்பும். இறக்கத்தில் என்ஜின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அங்கே இடது பிடியை அழுத்தினால் இடது சக்கரம் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டுத் தன்பாட்டில் உருளும், வலது சக்கரம் தாமதிக்கும், வண்டி வலதுபக்கம் திரும்பும். அதாவது நேர் எதிர். மலையில் டில்லர் ஓட்டக் கற்றுக்கொள்கிறவன் எல்லோரும் ஒரு தடவை ஓடையிலோ தேயிலைப் புதரிலோ இறங்கித்தான் இதைக் கற்கிறான். நான் ஓடையில். 400 கிலோவுக்கு மேல் உள்ள இரும்பு, அதற்குக் கீழே சிக்காமல் இருந்தது புண்ணியம். உங்கள் வாசலில் இருந்து ரோட்டுக்கு இறங்கும் சரிவைப் பார்த்தேன். அங்கே பிடியைத் தொடாதீர்கள், கீழ் கியரில் நேராக இறக்கி, சமதளத்தில் திருப்புங்கள்.

பெயின்ட் விஷயம். உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம். ஆனாலும் கைப்பிடியில் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அது என்னுடையது இல்லை, எனக்கு முன்னால் வைத்திருந்தவரின் கை. தார்ப்பாயால் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்து துரு பிடிக்கும், கூரையோடு பக்கம் திறந்திருந்தால் போதும். கிளட்ச் லீவர் ஆஃபில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மழை முடியும்போது பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்பேர் கிடைக்குமா என்று கேட்டீர்கள். தேடினால் கிடைக்கும், கிடைக்காததை லேத்தில் கடையலாம். மலை ரயிலின் பழைய நீராவி என்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் பிறந்தவை, அவற்றுக்குப் பதிலாகத் திருச்சி பொன்மலையில் புதிதாகவே செய்து அனுப்பினார்கள். டில்லரில் தேய்கிற ஒரு சின்ன வளையம், ஒரு புஷ், நமக்குப் பெரிய காரியமா?

பணத்தைப் பற்றி. விரிசலோடு அதன் விலை என்னவென்று உங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கேளுங்கள், வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன். வேண்டாம் என்றால் வண்டியையே திரும்ப ஏற்றிக்கொள்கிறேன், பிக்கப் வாடகை என்னுடையது. வைத்துக்கொள்வீர்கள் என்றுதான் உள்ளுக்குள் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை வரை அதைத் தொடாதீர்கள். பத்து மணிக்குள் கோத்தகிரிக்கு வந்துவிடுவேன், ஹேண்டிலோடு. அந்த எஸ்டேட் ஹேண்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேறு கம்பெனியுடையது என்றால் பல் சரியாகப் பிடிக்காமல் வழுக்கும்.

இப்படிக்கு,
தலைகுந்தா அண்ணன்