பில்லில் 65, வண்டியில் 60: டயர்களை மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், மதுரை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: 185/65 ஆர்15 டயருக்குப் பில் போட்டு, 185/60 ஆர்15 மாட்டியது தொடர்பாக.

ஐயா,

என்னுடைய 2019 மாருதி ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ காருக்கு உங்கள் மதுரைக் கிளையில் நான்கு டயர்களும் புதிதாகப் போட்டேன். பில்லில் இருப்பது 185/65 ஆர்15 88எச். டயரில் இருப்பது 185/60 ஆர்15 84எச். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன்தான் மட்கார்டுக்குக் கீழே இருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, "என்ன சார், சைஸ் மாத்திட்டீங்களா?" என்று கேட்டான்.

கிளை மேலாளரிடம் கேட்டதற்கு, "65 ஸ்டாக் இல்ல சார். அகலமும் ரிம்மும் ஒண்ணுதானே" என்றார். அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய பதிலில், "வித்தியாசம் 5 மில்லிமீட்டர் மட்டுமே" என்று எழுதியிருக்கிறீர்கள். டயர் விற்கிற நிறுவனம் இப்படி எழுதலாமா?

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் வரும் 65 என்பது மில்லிமீட்டரே இல்லை; சைடுவாலின், அதாவது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே உள்ள டயரின் பக்கச்சுவரின், உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. 185-இல் 65 சதவீதம் 120.25 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கம் 240.5. அதோடு 15 அங்குல ரிம்முக்கு 381 சேர்த்தால் டயரின் மொத்த உயரம் 621.5 மி.மீ. நீங்கள் மாட்டிய டயருக்கு இதே கணக்கைப் போட்டால் சைடுவால் 111, மொத்தம் 603. குறைவது 5 அல்ல, பதினெட்டரை மில்லிமீட்டர்.

உயரம் 3 சதவீதம் குறைந்தால் சுற்றளவும் அதே அளவு குறையும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி போவது 97தான். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதாக மீட்டர் சொன்னால் உண்மையில் 970. சர்வீசும் வாரண்டியும் அந்த மீட்டரை வைத்துத்தானே? வண்டியும் 9 மி.மீ. தாழ்ந்துவிட்டது. எங்கள் தெரு வேகத்தடைகளைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

இதே காரின் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ மாடல்களுக்கு 165/80 ஆர்14 டயர் வரும். அகலம் வேறு, ரிம் வேறு, ஆனால் மொத்த உயரம் 619.6 மி.மீ. இரண்டுக்கும் 2 மி.மீ. வித்தியாசம்கூட இல்லை. வண்டி செய்தவர்கள் அவ்வளவு பார்த்துத்தான் அளவு குறித்திருக்கிறார்கள். ஆசைப்பட்டு டயர் அளவை மாற்றுகிறவர்கள் உண்டு, 3 சதவீதம் வரை பரவாயில்லை என்பார்கள். அது வண்டிக்காரர் எடுக்க வேண்டிய முடிவு. உங்கள் ஸ்டாக் எடுக்கிற முடிவு அல்ல.

எடை தாங்கும் குறியீட்டை உங்கள் பதில் தொடவே இல்லை. அளவுக்குப் பின்னால் வரும் எண் அது: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. பணம் வாங்கியது 88-க்கு.

ஆகவே, நான்கையும் பில்லில் உள்ள அளவிலேயே மாற்றித் தர வேண்டும். வீல் பேலன்சிங், அலைன்மென்ட் செலவு உங்களுடையது. மாட்டுவதற்கு முன் டயரின் அளவையும் தயாரிப்புத் தேதியையும் நான் பார்க்க வேண்டும். 3124 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம் என்று படிக்க எனக்குத் தெரியும், பழைய சரக்கு வேண்டாம். என் பழைய டயர்களை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டீர்கள். அதனால்தான் இவற்றிலேயே ஓட்டுகிறேன். அந்தத் தேய்மானத்தை என் தலையில் கட்டக் கூடாது.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில் நகலும், நான்கு டயர்களின் படங்களும், உங்கள் மின்னஞ்சலும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்